புது பிளேடு போடுங்க!

போன ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூர் தெப்பக்குளம் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் உட்கார்ந்திருந்தேன். வழக்கம் என்றால் முப்பத்தைந்து வருஷ வழக்கம். முடி குறையக் குறையக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் விநோதக் கணக்கை நான் கற்றுக்கொண்டது இங்கேதான். கடைக்காரருக்கு என்னைவிட ஐந்தாறு வயது அதிகம். மூக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் கத்தியைத் தொடுவார். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாட்களில் நான் பேப்பர் மட்டும் படித்துவிட்டுத் திரும்பிவிடுவது உண்டு.

பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞன். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் கம்பெனி அட்டை. கடைக்காரர் அவனுக்குக் கிருதா ஒதுக்குவதற்காக ஒரு பிளேடை உறையோடு எடுத்து, ‘டக்’கென்று நடுவில் உடைத்து, பாதியைக் கத்தியில் செருகி, அவன் முகத்துக்கு நேரே ஒரு தடவை காட்டினார். கற்பூர ஆரத்தி மாதிரி.

“எதுக்குண்ணா காட்டுறீங்க?”

“புது பிளேடு தம்பி. பார்த்துக்கணும் இல்லே?”

“அதை எதுக்கு நான் பார்க்கணும்?”

கடைக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “சார், இந்தத் தம்பிக்குப் புள்ளிராஜாவைத் தெரியாது போலிருக்கு!”

“யாரு சார் அது? பழைய வில்லனா?”

எனக்குப் பகீரென்றது. வயசாகிவிட்டது என்பதை முழங்கால் வலி சொல்லும். பல் டாக்டர் சொல்வார். இப்படி ஒரு கேள்வி சொல்லும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டையே முணுமுணுக்க வைத்த ஆசாமியைத் தெரியாத ஒருவன், மீசையும் தாடியுமாக, சம்பளமும் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்!

முடி வெட்டி முடிப்பதற்குள் அவனுக்குச் சொன்ன கதைதான் இது. இங்கே கொஞ்சம் விவரமாக.

* * *

முதலில் பிளேடு. எண்பதுகளில் எங்கள் சலூனில் ஒரே ஒரு சவரக்கத்தி. தோல் வாரில் இப்படி நாலு, அப்படி நாலு தீட்டல். அதே கத்திதான் பேராசிரியருக்கும், பூக்கடைக்காரருக்கும், எனக்கும். வெட்டுப்பட்டால் படிகாரம். தொண்ணூறுகளில் திடீரென்று எல்லா வாடிக்கையாளரும் ஒரே குரலில் “புது பிளேடு போடுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பயம் செய்த வேலை. பயத்தின் பெயர் எய்ட்ஸ்.

(உண்மையைச் சொன்னால், சலூன் கத்தியால் எய்ட்ஸ் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அந்தக் கிருமி வெளிக்காற்றில் ரொம்ப நோஞ்சான். ஆனால் ஹெபடைடிஸ் பி என்கிற மஞ்சள்காமாலைக் கிருமி அப்படியல்ல. காய்ந்த ரத்தத்திலும் நாள்கணக்கில் காத்திருக்கும். ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றிலிருந்து தப்பித்தோம். நல்லதுதான்.)

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம். 1981-ல் அங்கே முதன்முதலாகப் பதிவான நோய். ‘அதெல்லாம் அவங்க ஊர் சமாச்சாரம். நம்ம ஊர், நம்ம பண்பாடு, நமக்கெல்லாம் வராது’ என்று டீக்கடையிலிருந்து கோட்டை வரை ஒரே முடிவு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் ஒரு பேராசிரியைக்கு மட்டும் சந்தேகம். டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. சின்ன ஊரிலிருந்து வந்தவர், முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். ஆய்வுக்குத் தலைப்பு தேடியவரிடம், “இங்கே எய்ட்ஸ் இருக்கிறதா என்று பாரேன்” என்கிற யோசனையைத் தந்தார் பேராசிரியை. நிர்மலாவுக்குத் தயக்கம். அவர் கணவர்தான் தைரியம் சொல்லி அனுப்பினார்.

பம்பாய் மாதிரி சென்னையில் ‘அந்த’ ஏரியா என்று தனியாக எதுவும் கிடையாது. எங்கே போய் யாரிடம் ரத்தம் கேட்பது? ஜி.எச்.சில் பால்வினை நோய்க்கு வந்த பெண்களோடு பேசிப் பழகினார். அவர்கள் கேஸ் சீட்டுகளில் ‘வி ஹோம்’ என்று எழுதியிருந்தது. விஜிலென்ஸ் ஹோம். போலீஸ் பிடித்து, ஜாமீன் கட்ட வழியில்லாத பெண்களை அடைத்து வைக்கும் அரசு இல்லம். அது இருந்தது நம்ம மயிலாப்பூரில்தான்.

கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். பஸ்ஸுக்குச் செலவழிக்கக்கூட யோசிக்கிற குடும்பம். கையில் உறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தார். என்ன சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்தால் சட்டப்படி தப்பு. அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பிரித்தெடுத்த ரத்த நீரை எங்கே வைத்தார் தெரியுமா? வீட்டு ஃபிரிட்ஜில்!

சோதனை வசதி அப்போது சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் வைத்து, கணவனும் மனைவியும் ராத்திரி ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. அங்கே வைராலஜி டாக்டர் டி. ஜேக்கப் ஜான். எலிசா சோதனையில் கிருமி இருந்தால் மஞ்சள் நிறம் வரும். ஆறு குழிகள் மஞ்சளாயின.

நம்பாமல், திரும்பச் சென்னைக்கு வந்து, அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அங்கேயும் அதே விடை.

தகவல் டெல்லிக்குப் போய், பிரதமர் ராஜீவ் காந்தி வரை சொல்லப்பட்டது. மே மாதம் தமிழக சட்டசபையில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். (எம்.ஜி.ஆர். மந்திரிசபையில் ஒரு நிஜ டாக்டர். 1980-ல் அண்ணாநகரில் கலைஞரை எதிர்த்து நின்று 699 ஓட்டில் தோற்றாரே, அவரேதான்.) பார்வையாளர் மாடத்தில் சுனிதியும் நிர்மலாவும் உட்கார்ந்து கேட்டார்கள். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

“சரி சார், அப்புறம் கவர்மென்ட் என்ன பண்ணிச்சு?” என்றான் இளைஞன்.

“பூட்டிச்சு!” என்றேன்.

* * *

எந்த அரசாங்கத்துக்கும் புரியாத நோய் வந்தால் முதலில் கை போகிற இடம் பூட்டு. கோவாவில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, நோயாளியைத் தனிமைப்படுத்தலாம் என்று எழுதினார்கள். 1989-ல் டொமினிக் டிசூஸா என்ற இளைஞரை அதன்படி பிடித்து 64 நாள் அடைத்து வைத்தார்கள். அவர் செய்த ஒரே காரியம், ரத்த தானம். கொடுத்த ரத்தத்தில் கிருமி இருந்தது தெரிந்தது, போலீஸ் வந்தது. அதே 1989-ல் எய்ட்ஸ் தடுப்பு மசோதா என்று ஒன்று ராஜ்யசபாவில் வந்தது. கட்டாயச் சோதனை, தனிமைப்படுத்துதல் என்று அதிலும் அதே பூட்டு. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு வாபஸ்.

சென்னையிலும் அதே கதைதான். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் இல்லத்திலிருந்து வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல் விடுதலை கிடைத்தது. நோயைக் கண்டுபிடிக்க ரத்தம் கொடுத்தவர்களுக்கு நாம் முதலில் கொடுத்த மரியாதை இது.

பூட்டினால் என்ன ஆகும்? சோதனைக்கு வருகிறவன் வரமாட்டான். அவ்வளவுதான். கிருமி மட்டும் சுதந்திரமாகச் சுற்றும். இந்தச் சின்ன உண்மை கோட்டையிலும் டெல்லியிலும் ஃபைலில் ஏற நாலைந்து வருஷம் பிடித்தது.

* * *

பூட்டு இல்லையென்றால் அடுத்தது பயமுறுத்தல். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்கவில்லையென்றால் உங்கள் அப்பா பார்த்திருப்பார். மண்டையோடு, இரண்டு எலும்பு, கறுப்பு எழுத்தில் ‘எய்ட்ஸ்: உயிர்க்கொல்லி நோய்’. படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

அப்போது நான் தி.நகரில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று பேர். ஒரு ஃபேன், ஒரு பக்கெட், மூன்று எவர்சில்வர் டம்ளர். தினமும் பாண்டி பஜார் வழியாக ஆபீசுக்கு நடை. சம்பளம் வந்த முதல் வாரம் பிரியாணி, கடைசி வாரம் தயிர் சாதம்.

1997-ல் என் அறை நண்பனுக்கு ஹெர்னியா ஆபரேஷன். ஒரு தனியார் நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். அவனைக் கேட்காமலே ரத்தத்தைச் சோதித்துவிட்டார்கள். காலையில் ஆபரேஷன் என்றவர்கள், மத்தியானம் ‘வேற இடம் பாருங்க’ என்றார்கள். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. கட்டிலில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்த பையன் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். அதைப் பார்த்துத்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது.

நர்சிங் ஹோமைத் திட்டி நாலு பாரா எழுதலாம். ஆனால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அவன் அறைக்குத் திரும்பி வந்தான். “வாடா, ஒண்ணும் ஆகாது” என்று தோளில் தட்டினேன். அன்று ராத்திரி அவன் தூங்கின பிறகு, என் டம்ளரின் அடியில் பக்கத்து அறைக்காரன் வைத்திருந்த பெயின்டால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். ஷேவிங் செட்டை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பட்டதாரி, தினமும் இரண்டு பேப்பர் படிக்கிறவன். டம்ளரால் பரவாது என்று எங்கேயோ படித்தும் இருந்தேன். ஆனால் கை அந்தச் சுவர் விளம்பரத்தைத்தான் நம்பியது.

மறுநாள் காலையில் அவன் டம்ளரைக் கழுவும்போது புள்ளியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் தனக்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிக்கொண்டு வந்தான்.

இன்றைக்கும் எங்கேயாவது பிளாஸ்டிக் டம்ளரில் யாராவது தண்ணீர் கொடுத்தால் எனக்கு இறங்காது.

மூன்றாவது நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு ராமன் தெருவுக்குப் போனேன். எங்கள் மேன்ஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அங்கேதான் இருந்தது. கைதொண்டே என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர். எழுத்துகள் அதிலிருந்து வந்தவை. அங்கே ஒரு கவுன்சலர் அம்மா அவனை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். கையைப் பிடித்துக்கொண்டு! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, “நீங்க ரூம் மேட்டா? ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. தெரியுமில்லே?” என்றார். தெரியும் என்றேன். தெரிந்துதான் புள்ளி வைத்தேன் என்று சொல்லவில்லை.

* * *

இதற்கிடையில் ஃபைல்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தன. 1992-ல் டெல்லியில் நாக்கோ என்ற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பிறந்தது. உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. பணம் வந்தால் வேலை நடக்கும் என்று நீங்களும் நானும் நினைப்போம். அரசாங்கப் பணம் அப்படி நேராக நடந்து வராது சார். டெல்லியில் கிளம்பி, மாநிலக் கருவூலத்தில் இறங்கி, நிதித் துறையில் டீ குடித்து, ‘இந்தத் தலைப்பில் ஒதுக்கீடு உண்டா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, சுகாதாரத் துறைக்கு வருவதற்குள் மார்ச் 31 தாண்டியிருக்கும். நோட்டீஸ் அடிக்கவும் டெண்டர், ஆணுறை வாங்கவும் டெண்டர்.

1994-ல் தமிழ்நாடு ஒரு காரியம் செய்தது. கேட்டால் சுவாரசியமே இல்லாத காரியம். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் என்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தது. நம் தெரு நலச் சங்கம் மாதிரி, சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ். தலைமையில் அரசு அதிகாரிகளே. ஆனால் தனி வங்கிக் கணக்கு, தனி முடிவு. பணம் நேராக வரும். ஆளை நேராக எடுக்கலாம். தொண்டு நிறுவனங்களுக்கு நேராகக் கொடுக்கலாம். நாட்டிலேயே முதல் முயற்சி. 1999-ல் இரண்டாம் கட்டத் திட்டம் தொடங்கியபோது எல்லா மாநிலங்களும் இதே மாதிரி சங்கம் வைக்க வேண்டும் என்று டெல்லியே சொல்லிவிட்டது. சுகாதாரக் கொள்கை என்றால் ஏதோ பெரிய மேதைகள் வட்ட மேஜையில் உட்கார்ந்து தீட்டுவது என்று நினைத்திருந்தேன். பாதி நேரம், செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதுதான் கொள்கை.

அடையாறு பக்கம் இன்னொரு வேலை. தரமணியில் வி.எச்.எஸ். தெரியுமில்லையா? டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் ஆரம்பித்தது. வருமானத்துக்குத் தகுந்த சந்தா கட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம் என்ற ஏற்பாட்டை அந்தக் காலத்திலேயே செய்தவர். அங்கே 1995-ல் அமெரிக்க உதவியோடு ஏபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியது. லாரி டிரைவர்களைத் தேடி நெடுஞ்சாலைக்கே போனார்கள். மெடிக்கல் ஷாப்பில் மட்டும் இருந்த சமாச்சாரம் பெட்டிக்கடைக்கும் வந்தது.

அந்தச் சமாச்சாரம் வாங்கும் கஷ்டம் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. ‘நிரோத்’ என்று 1968-லேயே அரசாங்கம் கொண்டுவந்துவிட்டது. சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது. எங்கள் மேன்ஷன்காரர் ஒருவருக்குப் புதுக் கல்யாணம். தி.நகர் மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையட்டும் என்று அரை மணி நேரம் நின்றுவிட்டு, கடைசியில் கடைக்காரர் “என்ன சார்?” என்றதும் பதறிப்போய் அமிர்தாஞ்சன் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று நாளில் மூன்று பாட்டில்! இப்போது மொபைலைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலில் வருகிறதாம். வாழ்க!

2003-ல்தான் நம்ம ஆள் வந்தார். ஒரு நாள் காலையில் 12பி பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால், ஊர் முழுக்க ஒரே கேள்வி: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ வேறு ஒரு வார்த்தை கிடையாது. யார் இந்தப் புள்ளி? எதற்கு ராஜா? பனகல் பார்க்கில் ஆரம்பித்த விவாதம் ஆபீஸ் கேன்டீன் வரை போனது. எங்கள் செக்‌ஷனில் பெயரின் பின்பாதி ராஜா என்று முடிகிற ஒருவர் இருந்தார். அவர் பட்ட பாடு! லீவு லெட்டரில் இனிஷியலை மட்டும் போட ஆரம்பித்தார். மேனேஜர் அறைக்குள் போனால்கூட, மேனேஜர் தலையைக் குனிந்து உதட்டைக் கடிப்பார்.

அப்புறம் விடை வந்தது. பாதுகாப்பு இல்லாமல் போனால் வரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: மண்டையோடு இல்லை. பாவம், தண்டனை, ஒழுக்கம் என்று எந்தப் பிரசங்கமும் இல்லை. ‘உனக்கு வருமா?’ என்று கேட்காமல் ‘அவனுக்கு வருமா?’ என்று கேட்டதால், எல்லோரும் வாய்விட்டுப் பேசினார்கள். பத்து வருஷமாக வாய்க்குள்ளேயே இருந்த வார்த்தை கேன்டீனில் சாம்பார் வடைக்கு நடுவில் விழுந்தது. இது கொச்சை, பெண்கள் நடமாடும் தெருவில் இப்படியா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

அன்று ராத்திரி நான் என் நண்பனைப் பார்க்கப் போனேன். அவன் அதற்குள் வேறு அறைக்கு மாறியிருந்தான். “பார்த்தியா புள்ளிராஜாவை?” என்றான். சிரித்தான். அப்புறம், “உன் டம்ளர் ராஜாவை விடவா?” என்றான். ஆறு வருஷம் கழித்து!

* * *

ஆனால் சிரிப்பு மருந்தாகாது. மருந்து வேறு இடத்தில் இருந்தது. 1996 வாக்கிலேயே மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஆள் பிழைக்கிறான் என்று தெரிந்துவிட்டது. விலை, வெளிநாட்டில் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். என் நண்பன் அந்தத் தொகையை ஒரு தடவை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, கால்குலேட்டரை டிராயரில் போட்டுவிட்டான்.

இங்கே ஒரு பழைய சட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 1970-ல் இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த காப்புரிமைச் சட்டம். மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது அது. எய்ட்ஸ் என்ற பெயரே பிறக்காத காலம். அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த சிப்லா கம்பெனி, 2001 பிப்ரவரியில், அதே மூன்று மருந்துகளை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2003 நவம்பர் கடைசியில் மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் இலவச மருந்துத் திட்டத்தை அறிவித்தார். 2004 ஏப்ரல் முதல் தேதி தொடக்கம். நாடு முழுக்க முதலில் எட்டு மருத்துவமனைகள்தான். அதில் ஒன்று தாம்பரம்.

மாம்பலத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினோம். ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்ததே அந்த ஆஸ்பத்திரிதான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகக் கட்டியது. வரிசையைப் பார்த்ததும் நண்பன் நின்றுவிட்டான். இடுப்பில் குழந்தையோடு கிராமத்துப் பெண்கள். புருஷன் கொடுத்துவிட்டுப் போன சொத்து. “நான் என்னை மட்டும்தான்டா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றான்.

வரிசையில் நாலு பேருக்கு முன்னால் அவன் ஆபீஸ் ஆள் ஒருவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார்கள், சீலிங்கைப் பார்த்தார்கள். கடைசியில் அவரே திரும்பி, “பைலட் பேனா இருக்கா சார்?” என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் மாதா மாதம் ஒரே நாளில் லீவு.

அப்போது சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால்தான் மருந்து. நண்பனுக்கு 180. இருபது குறைந்ததில் அவனுக்குச் சந்தோஷம்! 230 இருந்தவர்களைப் ‘பிறகு வாங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு சுற்றறிக்கையில் இருக்கும் ஒரு எண், இன்றைக்கு நீ, நாளைக்கு அவன் என்று பிரித்தது. அந்தக் கோடு பிறகு 350 ஆயிற்று, 500 ஆயிற்று. 2017 ஏப்ரலில் கோடே வேண்டாம், கிருமி இருந்தால் உடனே மருந்து என்று உத்தரவு. இடையில் ‘பிறகு’ வராமல் போனவர்கள் எத்தனையோ.

ரத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் பாட்டில் கணக்கில் ரத்தம் விற்றுப் பிழைத்தவர்களை அந்தக் காலத்தில் பார்த்திருக்கிறேன். 1996-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பால், 1998 ஜனவரி முதல் தேதியோடு அந்தத் தொழில் தடை. இன்றைக்கு உங்கள் ஆபீஸ் முகாமில் ரத்தம் கொடுக்கும்போது இரண்டு பக்கத்துக்குக் கேள்வி கேட்கிறார்களே, எரிச்சல்படாமல் எழுதுங்கள். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் கிருமி இருந்தது. சட்டம், சோதனை, சங்கம் எல்லாம் இருந்தும். ரத்தம் கொடுத்த பையனும் பாவம், விஷயம் தெரிந்து உயிரை விட்டான்.

2001-ல் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் கிருமி இருந்தது. பிறகு அது கால் சதவீத அளவுக்கு இறங்கியது. இந்தியா முழுக்க 50 லட்சத்துக்கும் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், 2007-ல் வீடு வீடாக ரத்தம் எடுத்த சர்வே வந்ததும், ‘மன்னிக்கவும், 25 லட்சம்தான்’ என்றார்கள். ஒரே ராத்திரியில் பாதி குணமானது கணக்குதான்! ஆனாலும் தப்பை ஒப்புக்கொண்ட அரசாங்கக் கணக்கு என்பதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

அப்புறம் 2017-ல் சட்டம். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது. வெளியில் சொல்லக் கூடாது. வேலையிலிருந்து நீக்கக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது. அந்தச் சிவப்பு அட்டை இன்றைக்குத் தொங்கினால் குற்றம். இருபத்தோரு வருஷம் லேட்.

சுனிதி சாலமன் 2015-ல் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ. நிர்மலா ஆய்வேட்டை 1987-ல் சமர்ப்பித்துவிட்டு, கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். ரொம்ப நாள் அவர் பெயரே யாருக்கும் தெரியாது.

என் நண்பன்? ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் மொபைலில் அலாரம் அடிக்கும். மாத்திரை. இருபது வருஷமாக. போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பந்தியில் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், “என்ன சார், சுகரா?” என்றார். “ஆமா சார், பரம்பரை” என்று சொல்லிவிட்டு, என் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

* * *

முடி வெட்டி முடிந்துவிட்டது. இளைஞன் துண்டை உதறிவிட்டு எழுந்தான். மொபைலில் பணம் அனுப்பினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

“சார், அந்த ஆறு பேர் என்ன ஆனாங்க?”

“யாரு?”

“இங்கே, மயிலாப்பூர்ல ரத்தம் கொடுத்தாங்களே. அந்த ஆறு பொம்பளைங்க.”

பேராசிரியைக்குப் பத்மஸ்ரீ, மாணவிக்குப் பட்டம், மந்திரிக்கு அறிக்கை, எனக்கு இந்தக் கட்டுரை. அவர்கள் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வரவும் கூடாது. அதைத்தான் அவனிடம் சொன்னேன்.

“ஓ...” என்றான். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, உறையைப் பிரித்து, பிளேடை உடைத்தார். “பார்த்துக்குங்க சார்” என்று முகத்துக்கு நேரே நீட்டினார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.